மழைக்கு முன் பட்டறை வேலை: கோத்தகிரி இறக்கத்துக்கு ஒரு பிக்கப்பும் ஒரு டிரெய்லரும்

கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை என்றால் அது ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான். கூடலூரும் ஊட்டியும் ஆடியில் நனைந்து கிடக்கும்போது எங்களுக்குச் சாரலும் மஞ்சும்தான். அதனால் புரட்டாசி பிறந்ததும் பிக்கப்பையும் டிரெய்லரையும் அக்கக்காகக் கழற்றிப் பார்த்துவிடுவேன். இந்த வருஷம் வேலை கொஞ்சம் நீண்டது. வண்டியின் பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), டிரெய்லரின் பிரேக் கேபிள், ஹப் பேரிங் (சக்கரத்தின் நடுக்குடத்தில் இருப்பது), ஒயரிங் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. மலையில் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2016இல் இங்கே விற்பனைக்கு வந்த முதல் வடிவம். 2.5 லிட்டர் டீசல், 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்னால் இழுப்பது ஒற்றை அச்சு வீட்டு டிரெய்லர். இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சின்ன அடுப்படி. அடியில் 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு பேட்டரி. சாமான் எல்லாம் ஏற்றி, தண்ணீர் இல்லாமல் 800 கிலோ. டிரெய்லரையும் சட்டம் ஒரு மோட்டார் வாகனமாகத்தான் பார்க்கிறது. மொத்த எடை 750 கிலோ வரை டி1, அதைத் தாண்டி 3.5 டன் வரை டி2 என்று வகை. பதிவும் தனி. வெல்டிங் பட்டறையில் அடித்து, கொக்கியில் மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த வண்டியைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏத்தத்துல இழுக்குதுங்களா?" இழுக்கிறது. டர்போ உள்ள டீசல் இஞ்சினுக்கு 800 கிலோ பெரிய விஷயமே இல்லை. டர்போ இல்லாத இஞ்சின் 1000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. இரண்டாவது கியரில் பொறுமையாகப் போனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டாது.

யாரும் கேட்காதது இறக்கத்தைப் பற்றி. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1500 மீட்டர். வண்டி, ஆட்கள், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 3 டன் என்று வையுங்கள். அவ்வளவு எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 44 மெகாஜூல். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை 12 மணி நேரம் தொடர்ந்து சூடாக்க அது போதும். அந்தச் சூடு முழுவதையும் ஒரு மணி நேரச் சொச்சத்துக்குள் இஞ்சினும் காற்றும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இஞ்சின் எடுத்துக்கொள்ளாத பங்கு பிரேக் தலையில்தான் விழும். நான் செய்கிற பராமரிப்பு எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

ஆஸ்திரேலியாவில் இதே டி-மேக்ஸ் வகை வண்டிக்கு 3500 கிலோ இழுவைத் திறன் என்று போடுகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து இங்கே பேசுகிறவர்கள் உண்டு. அந்த 3500 பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அங்கேயும் 750 கிலோதான். அந்த ஊர் வண்டியின் கொக்கி, கியர் விகிதம், பட்டை எல்லாம் இங்கே விற்கும் வண்டியில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் 1000 கிலோவைத் தாண்டுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் வேலை எடை போடுவது. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டிகள் இருப்பதால் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. காலையில் மண்டி லாரிகள் வரிசை கட்டும். அதனால் மதியத்துக்கு மேல் போனால் நிதானமாகச் செய்துகொள்ளலாம். டிரெய்லரை மாட்டியபடி முழுதாக ஒரு தடவை, வண்டியை மேடைக்கு வெளியே நகர்த்தி டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு தடவை, வண்டியை மட்டும் ஒரு தடவை. கொக்கியில் உட்காரும் எடையை, அதாவது மூக்கு எடையை, எடை மேடையில் நம்பிப் பார்க்க முடியாது. அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டுகிறது. அதற்கு வீட்டில் ஆள் எடை பார்க்கும் சின்ன மெஷினே போதும். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மெஷின் மேல் ஒரு பலகை, பலகை மேல் அளவாக வெட்டிய மரத்துண்டு, அதன் மேல் டிரெய்லரின் மூக்கு. வண்டியில் மாட்டும்போது என்ன உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மூக்கைத் தூக்கி வைத்தாலும் தாழ்த்தி வைத்தாலும் எடை மாறிக் காட்டும்.

வந்த எண் 54 கிலோ. 800இல் 7 சதவீதத்துக்கும் கீழே. ஐரோப்பியர்கள் இந்த அளவிலேயே ஓட்டுகிறார்கள். அமெரிக்கர்கள் 10 முதல் 15 சதவீதம் வேண்டும் என்பார்கள். வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் நான் அமெரிக்கர்கள் பக்கம்தான். மூக்கு லேசாக இருந்தால், இறக்கத்தில் வேகம் கூடும்போது டிரெய்லர் பின்பக்கத்தை ஆட்டத் தொடங்கும். ஒரு தடவை ஆட ஆரம்பித்துவிட்டால் வண்டியையும் சேர்த்து ஆட்டும். காரணம் தேடியபோது, பேட்டரியை முன்பு வைத்திருந்தவர் பின் அடுப்படிக்குக் கீழே பொருத்தியிருந்தது கண்ணில் பட்டது. வயர் குறைவாகச் செலவாகட்டும் என்று நினைத்திருப்பார்.

இதில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. பேட்டரி 28 கிலோ. அச்சுக்குப் பின்னால் 1.6 மீட்டரில் இருந்ததை, அச்சுக்கு முன்னால் 1.9 மீட்டரில் இருக்கும் பெட்டிக்கு மாற்றினேன். நகர்ந்த தூரம் 3.5 மீட்டர். அச்சிலிருந்து கொக்கிக் குண்டு வரை 2.9 மீட்டர். 28ஐ 3.5ஆல் பெருக்கி 2.9ஆல் வகுத்தால் 34 கிலோ. மூக்கு எடை 54இலிருந்து 88 ஆனது, அதாவது 11 சதவீதம். கப்ளரில், அதாவது குண்டின் மேல் பூட்டும் டிரெய்லரின் மூக்கில், அடித்திருக்கும் எல்லை 100 கிலோ. அதற்குள்ளும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதால், நிரப்பினால் மூக்கு எடையில் 19 கிலோ குறைந்துவிடும். ஆகவே போகிற இடத்தில் போய்த்தான் தண்ணீர் பிடிப்பது. எங்கள் வீட்டில் இதற்கு எதிர்ப்பு உண்டு. வழியில் தேநீர் போட முடியவில்லையாம். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை வண்டியில் வைத்துச் சமாதானம் செய்தாயிற்று.

இப்போது அந்த 88 கிலோ வண்டியை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். குண்டு, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி, 3.1 மீட்டர். அங்கே 88 கிலோ அழுத்தினால் பின் அச்சில் 122 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 34 கிலோ குறையும். முன்பக்கம் லேசானால் ஈரமான வளைவில் ஸ்டியரிங் வழுக்குவது போலத் தெரியும். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். முன்னால் சாமான் வைத்து இதைச் சரிக்கட்ட முடியாது. பின் பட்டை ஒழுங்காக இருந்தால்தான் உண்டு.

பட்டை ஒழுங்காக இல்லை. வருஷக்கணக்கில் தோட்டச் சாமானும் சுமந்த வண்டி. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்தால் வலது பக்கம் 15 மில்லிமீட்டர் கீழே. பட்டறைக்கார அண்ணன் பார்த்ததும் சொன்னது: "இன்னொரு பட்டையைச் சேத்துப் போட்டுரலாங்க. கேரட் லோடு ஏத்தறவங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்க." கேரட் ஏற்றுகிறவர்களுக்கு அது சரி. அவர்கள் வண்டி பாதி நேரம் பாரத்தோடு ஓடும். என் வண்டி முக்கால்வாசி நாள் வெறுமையாக ஓடுவது. கூடுதல் பட்டை போட்டால் வெறும் வண்டியில் பின்பக்கம் விறைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் குதிக்கும். ஈரத்தில் குதிக்கிற சக்கரத்துக்குப் பிடிமானம் எங்கே? இதைச் சொன்னதும், "அப்போ இதையே தட்டி வளைச்சுக்கலாங்க" என்றார். தட்டி வளைப்பது மலிவுதான். ஆனால் அது மறுபடி அமுங்கிவிடும்.

பேசிக்கொண்டே கற்றையைப் பிரித்தோம். இரண்டாவது பட்டையின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் மண்ணெண்ணெய் துடைத்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. துணியால் துடைத்தபின்னும் அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் கசிந்து நின்றது. விரிசல். அதற்குப் பிறகு பேச்சே இல்லை, இரண்டு பக்கமும் புது செட். இந்த வருஷச் செலவில் பாதி இங்கேதான் போயிற்று.

மாட்டும்போது இரண்டு விஷயத்தை நான் கூடவே நின்று பார்த்துக்கொள்வேன். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைப் பழையதையே திருப்பிப் போடக் கூடாது. ஒருமுறை முறுக்கி இழுபட்ட போல்ட் அது. நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அப்புறம், பட்டை நுனியை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் ஷேக்கிள் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்கவே கூடாது. சக்கரம் தரையில் நின்று, பட்டை வழக்கமான வளைவுக்கு வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு, சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரப்படுகிற பட்டறையில் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

இனி டிரெய்லரின் பிரேக். என் டிரெய்லரில் இருப்பது தள்ளு பிரேக். வண்டி வேகம் குறைத்தால் டிரெய்லர் முன்னால் வந்து கொக்கியைத் தள்ளும். அந்தத் தள்ளலில் கப்ளரின் தண்டு உள்ளே போகும். தண்டு ஒரு லிவரை அழுத்தும். லிவர் கம்பியை இழுக்கும். கம்பி இரண்டு கேபிளையும் இழுத்து, சக்கரத்தின் டிரம்முக்குள் பிரேக் ஷூவை விரித்து உரச வைக்கும். கரண்ட் வேண்டாம், ஆயில் வேண்டாம். சமவெளியில் இதைப்போல எளிமையானது வேறில்லை.

மலையில் இதற்கு ஒரு குணம் உண்டு. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் இரண்டாவது கியரில் இஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்குவதுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்த முறை. ஆனால் இஞ்சின் பிடிக்கும்போதும் டிரெய்லர் கொக்கியைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறது. நம் கால் பெடலில் இல்லை. டிரெய்லரின் ஷூ மட்டும், கோத்தகிரிக்குக் கீழே வரும் அரவேனுவில் உரச ஆரம்பித்து, நிற்காமல் உரசிக்கொண்டே வரும். வண்டியின் பிரேக் குளிர்ந்து கிடக்க, டிரெய்லரின் டிரம் கொதிக்கும். ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் சரிவு கொஞ்சம் தணிகிற இடத்தில் எல்லாம் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, கொக்கியை இழுபட வைத்து, ஷூவுக்கு மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி ஆற விடுவதும் கட்டாயம். எலெக்ட்ரிக் பிரேக் என்றால் ஓட்டுகிறவர் கையிலேயே கன்ட்ரோல் இருக்கும். மலைக்கு அதுதான் நல்லது. ஆனால் உதிரி பாகத்துக்கு எங்கே போவது என்று யோசித்து இதிலேயே நிற்கிறேன்.

எங்கே நிறுத்துவது என்பதிலும் கணக்கு உண்டு. இறங்கும் வழியில் வரும் குஞ்சப்பனை சுற்று வட்டாரத்தில் பலா பழுக்கும் மாதங்களில் யானை ரோட்டுக்கு வரும். டிரெய்லர் மாட்டிய வண்டியைச் சட்டென்று திருப்பவும் முடியாது, ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது. ஆகவே அதற்கு மேலேயே நிறுத்தி ஆற வைத்துவிட்டு, அந்தப் பகுதியை நிற்காமல் கடந்துவிடுவது.

பட்டை வேலை முடிந்ததும் ஒரு சோதனை ஓட்டம் போனோம். அக்கா பையனிடம் தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் கொடுத்து உட்கார வைத்தேன். நிறுத்தியதும் இறங்கி ஓடினான். டிரெய்லரின் இடது ஹப் 96 டிகிரி. "மாமா, வலது பக்கம் 148!" என்று கத்தினான். டிரம் சூடாவது பிரச்சினை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கம் ஷூ விடாமல் பிடிக்கிறது, இல்லை அடுத்த பக்கம் பிடிக்கவே இல்லை. பேரிங் போகிற நிலையில் இருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் வலது சக்கரம் கனமாகச் சுற்றியது. கேபிளை லிவரிலிருந்து கழற்றி, உள் கம்பியைக் கையால் இழுத்துவிட்டேன். இழுத்தால் வந்தது, விட்டால் திரும்பிப் போகவில்லை. வெளி உறையில் ஓரிடத்தில் ரப்பர் வெடித்து, அதன் வழியாக மஞ்சுத் தண்ணீர் உள்ளே போய், கம்பி செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. வளைத்தபோது நறநறவென்று சத்தம் கேட்டது. எண்ணெய் விட்டுத் தேய்த்து ஓட்டலாம், ஆனால் அடுத்த மழைக்கு மறுபடி இதே கதைதான். கோவையில் அளவு கொடுத்தால் கேபிள் கட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. பழையதையே கையில் கொண்டுபோய், அதே தடிமன், அதே நீளத்தில் இரண்டு பக்கத்துக்கும் புதிதாகக் கட்டி வாங்கினேன். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று போட்டால் இழுப்பு சமமாக வராது.

அட்ஜஸ்ட் பண்ணுவதில் வரிசை முக்கியம். பலரும் பிரேக் லேசாக இருக்கிறது என்றால் நடுக்கம்பியின் நட்டை இறுக்கிவிடுவார்கள். பிரேக் பிடிக்கும், ஆனால் ஷூ எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கும். முதலில் கம்பியை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். அப்புறம் டிரம்முக்குப் பின்னால் உள்ள ஓட்டை வழியாக அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் நிற்கும் வரை ஷூவை விரித்து, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும். சுற்றிப் பார்ப்பது முன்பக்கமாக மட்டும். ரிவர்ஸில் தானாக விடுவிக்கும் ஷூ இது, பின்பக்கமாகச் சுற்றினால் அளவு தப்பாகக் காட்டும். இரண்டு பக்கமும் ஷூ சரியான பிறகுதான் கம்பியில் உள்ள தொய்வை எடுப்பது. கடைசியில் இரண்டு கேபிளையும் இணைக்கும் குறுக்குத் தகடு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் மறுபடி வேலை இருக்கிறது என்று பொருள்.

டிரம்மைக் கழற்றிய கையோடு பேரிங்கையும் பார்த்தாயிற்று. பழைய கிரீஸை டீசலில் கழுவித் துடைத்து, வெயிலில் பிடித்து உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். வலது பக்க உள் பேரிங்கின் உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது. உரசிய ஷூவின் சூடு அங்கேயும் போயிருக்கிறது. நீலம் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். பேரிங்கோடு ஹப்புக்குள் இருக்கும் கப்பையும் (வெளி வளையம்) சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது பேரிங் சரியாக உட்காராது. கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும் வரை ஏற்றுவது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஹப்புக்குள் முழுதாக அடைத்துவிடக் கூடாது. சூட்டில் விரிந்து, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஷூ மேல் வழிந்துவிடும். நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு ஒரு துளி தளர்த்தி, புது ஸ்ப்ளிட் பின் போட்டு மடக்குவது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு அசைவு தெரிய வேண்டும். அசைவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம்.

வண்டியின் சொந்தப் பிரேக்கில் ஆயில் மட்டும் மாற்றினேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், மஞ்சுக்குள் வாழ்கிற எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு முன் கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கலாம். டாட் 4க்கு அதே கணக்கு 230, 155. இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போலத் தரை வரை போய்விடும். டாட் 4 ஊற்றி, தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கி நான்கிலும் ஏர் எடுத்தாயிற்று. இஞ்சின் ஆயிலும் டிஃபரென்ஷியல் ஆயிலும் கையேட்டில் கடும் உழைப்புக்குச் சொல்லியிருக்கும் கிலோமீட்டரில் மாற்றிவிடுவேன். அதில் எழுத வேறொன்றும் இல்லை.

ஒயரிங்கில் வந்த சிக்கல் வேடிக்கையானது. இடது இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரின் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கும். டிரெய்லர் லைட் இப்படிப் பேய் பிடித்தது போல நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். ஏழு பின் பிளக்கில் மூன்றாவது பின், வெள்ளை வயர். எர்த் சரியாகக் கிடைக்காத கரண்ட் அடுத்த பல்பு வழியாக வழி தேடிக்கொண்டு போகும். பிளக்கைத் திறந்தால் அந்தப் பின்னில் மட்டும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன். வயரின் உள்ளே ஒரு சாண் தூரம் வரை செம்பு கறுத்திருந்தது, அவ்வளவையும் வெட்டிவிட்டுப் புதிதாக இழுத்தேன். பின்களில் கொஞ்சம் வாசலின். பிளக் கழற்றியிருக்கும் நாட்களில் வாயைக் கீழ்நோக்கித் தொங்க விடுவது. இந்தச் சாதாரண விஷயம்தான் பிளக்கின் ஆயுளைக் கூட்டுகிறது.

ஏற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டிதானே, கொண்டை ஊசியில் லோ ரேஞ்சில் போட்டு ஏறினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். இந்த வகை வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு வளைத்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறுவேறு தூரம் போக வேண்டியிருக்கும், போக முடியாமல் முறுக்கிக்கொள்ளும். சேறு, சரளை என்றால் சக்கரம் வழுக்கிச் சமாளிக்கும். தாரில் ஜாயின்ட்டும் கியரும்தான் அடி வாங்கும். இரண்டு சக்கர ஓட்டம், முதல் கியர், கிளட்சில் கால் வைத்து உருட்டாமல் ஒரே மூச்சில் வளைவை முடிப்பது, அவ்வளவுதான். மேலிருந்து பஸ் இறங்குவது தெரிந்தால், ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்ற விதியை நினைத்துக்கொண்டு வளைவுக்குள் நுழைய மாட்டேன். பஸ்ஸுக்கு வளைவு முழுவதும் வேண்டும். கீழேயே நின்று விட்டுவிடுவது கிளட்சுக்கும் நல்லது.

குன்னூர் வழி எனக்குப் பிடிக்காது. 14 கொண்டை ஊசிகள், சுற்றுலா வண்டிகள். கோடை சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழியாக மாற்றும்போது எங்கள் ரோடு முழுக்க பிரேக் கருகும் வாடைதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டின் 36 வளைவில் டிரெய்லரோடு போகும் எண்ணமே எனக்கு இல்லை. வெளியூரிலிருந்து டிரெய்லர் மாட்டிக்கொண்டு வர நினைக்கும் நண்பர்கள், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்துவிட்டதையும், முதுமலை தாண்டிப் பந்திப்பூர் வழியாக மைசூர் போவதானால் ராத்திரி 9 முதல் காலை 6 வரை கேட் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரில் காற்று பற்றி அடிக்கடி ஒரு சண்டை வரும்: மலை ஏறினால் கூடுமா, குறையுமா? இரண்டுமே நடக்கிறது. 300 மீட்டரிலிருந்து ஊட்டி உயரத்துக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 3 பிஎஸ்ஐ அளவு கூடுதலாகக் காட்டும். அதே நேரம் காற்று 15 டிகிரி குளிர்ந்தால் இரண்டரை பிஎஸ்ஐ குறையும். ஏறக்குறைய ஒன்றை ஒன்று தின்றுவிடும். மேலே வந்து குளிர்ந்த டயரில் ஒருமுறை பார்த்தால் போதும், வழியில் காற்றை இறக்கவே கூடாது.

எல்லாம் மாட்டி மறுபடி அதே இறக்கம், அதே இடத்தில் நிறுத்தம். இடது 107, வலது 112. வண்டியின் பின்பக்கம் முன்பைவிட நிதானமாக இருந்தது. எதிரே வந்த லாரி ஒன்றும் லைட்டை மினுக்கித் திட்டவில்லை. அக்கா பையன் இரண்டு எண்ணையும் கப்ளர் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறான், அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கப்ளர் தண்டுக்குள் இருந்து தள்ளலை மெதுவாக்கும் டேம்பர். கையால் அழுத்தினால் உள்ளே போகிறது, திரும்பி வர நேரம் எடுக்கிறது. அது தளர்ந்தால் பிரேக் போடும்போது டிரெய்லர் டக்கென்று முட்டும். பாகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வரும்வரை மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போகும் திட்டம் எதுவும் இல்லை. அதற்குள் 500 கிலோமீட்டர் ஓடிவிட்டால் யூ போல்ட் நட்டுகளை மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பேனர் சைஸ் 19.